ஊர்க் கலைஞரும் தேசிய இசையும்
எனெஸ்கு – லிப்பாட்டி இசையிணை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

ஐரோப்பிய இசை வரலாற்று நூல்களிலே ‘தேசிய இசை’ என்னும் தொடர் பெரும்பாலும் ஐயத்துக்கு இடமின்றியே வழங்கப்பட்டு வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கு ஐரோப்பாவின் சிறிய நாடுகளிலே தோன்றிய இசையாக்குநர், தத்தம் மண்ணின் ஒலிகளை வியன்னாவிலும் பாரிஸிலும் தாம் கற்ற செந்நெறி வடிவங்களுட் பெய்து உலகுக்கு அளித்தனர் என்பதே அந்நூல்கள் கூறும் செய்தியாகும். அம் மண்ணின் ஒலி எவருக்குரியது, அதனை அதுகாறும் உழைத்துப் பேணியவர் யார், அது கச்சேரி மண்டபத்தினுள் நுழைந்தபொழுது அவர் எங்கே நின்றார் என்னும் வினாக்கள் அங்கு அரிதாகவே எழுப்பப்படுகின்றன. கலையை மனித உழைப்பின் ஒரு வடிவமாகக் கொள்ளும் விமர்சகனுக்கோ இவையே முதல் வினாக்களாகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு ருமேனியாவின் ஜோர்ஜ் எனெஸ்கு, டினு லிப்பாட்டி ஆகிய இருவரதும் வயலின் – பியானோ இணை மிகப் பொருத்தமான சான்றாக அமைகின்றது. எனெஸ்கு (1881–1955) வயலின் மேதை, இசையாக்குநர், நடத்துநர், பியானோக் கலைஞர் எனப் பல நிலைகளிற் சிறந்தவர். லிப்பாட்டி (1917–1950) எனெஸ்குவின் ஞானமகன். முப்பத்து மூன்றாம் வயதிலே நோயால் மறைந்த பியானோக் கலைஞர். இவ்விருவரும் 1943 மார்ச்சில் புக்காரெஸ்டிலே எனெஸ்குவின் இரண்டாவது, மூன்றாவது வயலின் – பியானோ சொனாட்டாக்களை ஒலிப்பதிவு செய்தனர். 1926 இல் ஆக்கப்பெற்ற மூன்றாவது சொனாட்டாவுக்கு ‘ருமேனிய மக்கட் குணத்தில்’ என்னும் துணைத்தலைப்பு உண்டு. ருமேனிய இசையின் செந்நெறிப் பேற்றுக்கு உலகம் இன்று எடுத்துக்காட்டும் ஆவணங்களுள் அவ்வொலிப்பதிவு முதன்மையானது. அறுபத்தொரு வயதான ஆசானும் இருபதுகளின் நடுவிலிருந்த இளைஞரும் ஒரே மூச்சாக இயங்கும் அவ்வாசிப்பைக் கேட்போர் அதன் அழகை மறுக்க இயலாது. இக்கட்டுரை அவ்வழகை மறுக்க எழுதப்படுவதன்று. அவ்வழகின் வரலாற்றை வினவ எழுதப்படுவது.

2

வயலினும் பியானோவும் இணைந்து இசைப்பது இன்று இயல்பான ஒன்றாகத் தோன்றலாம். ஆயின் ருமேனியச் சூழலில் இவ்விரு கருவிகளும் இரு வேறு சமூக உலகங்களைச் சார்ந்தவை என்பது நோக்கற்பாலது. பியானோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்களின் மாளிகைகளுக்கும், பின்னர் நகர நடுத்தர வர்க்கத்தாரின் வரவேற்பறைகளுக்கும் மேற்கிலிருந்து வந்து சேர்ந்தது. வயலினோ அதற்கு முன்னரே ‘லவுத்தார்’ எனப்படும் தொழில்முறை இசைக்கலைஞரின் கைக்கருவியாகி விட்டது. திருமணம், பெயரிடு விழா, இறுதிச் சடங்கு, சந்தை, மதுச்சாலை ஆகிய எல்லா இடங்களிலும் கூலிக்கு வாசித்தவர் லவுத்தார். அவருள் பிற இனத்தவரும் இருந்தனராயினும், பெரும்பான்மையோர் ரோமா மக்களே. இத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குலத்தொழிலாக இருந்தது. அவர்கள் எழுத்துக் குறிப்பின்றிச் செவிவழியே கற்றனர்.

இக் கலைஞரின் சமூக நிலையை ஒரு வரலாற்று உண்மை தெளிவாக்கும். வலாக்கியா, மொல்டாவியா என்னும் இரு சிற்றரசுகளிலும் ரோமா மக்கள் பதினான்காம் நூற்றாண்டு தொட்டு அடிமைகளாக இருந்தனர். அரசுக்கும், துறவி மடங்களுக்கும், ‘பொயார்’ எனப்படும் நிலப்பிரபுக்களுக்கும் அவர்கள் உடைமைகள். அவ்வடிமை முறை மொல்டாவியாவில் 1855 டிசம்பரிலும் வலாக்கியாவில் 1856 பெப்ரவரியிலுமே முற்றாக ஒழிக்கப்பட்டது. அதாவது, எனெஸ்கு மொல்டாவியாவின் வடபகுதியில் லிவேனி என்னும் சிற்றூரிற் பிறந்தபொழுது, அவ்வூர்ப் பக்கத்து முதிய லவுத்தார் பலர் தம் இளமையை அடிமைகளாகக் கழித்தவராகவே இருந்திருப்பர். நிலமானிய சமூகத்திலே பொயாரின் உடைமைப் பட்டியலில் இடம்பெறத்தக்க ஒரு மனிதனின் விரல்களிலேதான், பின்னாளில் ‘தேசத்தின் ஆன்மா’ எனப் போற்றப்பட்ட இசை வாழ்ந்தது. இம்முரண்பாடே நமது ஆய்வின் மையம்.

எனெஸ்குவின் இசை வாழ்வு தொடங்கியதும் அவ்விரல்களிடமிருந்தே. குழந்தைப் பருவத்திலே ஒரு லவுத்தார் குழுவின் வாசிப்பைக் கேட்டு அவர் வயலின்மீது நாட்டங் கொண்டதும், நிக்கொலாயே கியோரு என்னும் ஊர் வயலின்காரரிடம் முதற்பாடங்களைக் கேட்டதும் அவரது வரலாற்றாசிரியர் பலராற் கூறப்படுவன. ஆயின் ஏழாம் வயதிலே, 1888 இல், அவர் வியன்னா இசைக் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். 1895 முதல் பாரிஸிலே மார்சிக்கிடம் வயலினையும், மசெனே, ஃபோரே ஆகியோரிடம் இசையாக்கத்தையும் கற்றார். நிலபுலமுடைய குடும்பத்தின் மகனுக்கு ஊர் வயலின்காரரின் பாடம் ஒரு தொடக்கம். வயலின்காரரின் மகனுக்கோ அதுவே தொடக்கமும் முடிவும். ஒரே கருவி இரு வர்க்கங்களின் கையில் இரு வேறு பாதைகளைத் திறந்தது.

3

எனெஸ்குவின் படைப்புகளில் ஊரிசை பெற்ற இடம் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. 1901 இல் அவர் எழுதிய ருமேனிய ரப்சொடி இரண்டும் அவருக்குப் பெரும் புகழ் தேடித் தந்தன. முதலாவது ரப்சொடியிலே மக்களிடையே வழங்கிய மெட்டுகள் பல அடுத்தடுத்து வருகின்றன. ‘வானம்பாடி’ எனப் பொருள்படும் ‘சொக்கர்லியா’ என்னும் லவுத்தார் மெட்டு அவற்றுள் ஒன்று. இங்கு ஊரிசை மேற்கத்திய இசைக்குழுவின் வண்ண உடையை அணிந்து நிற்கின்றது. மெட்டு எடுக்கப்பட்டது, மெட்டை உயிர்ப்பித்த வாசிப்பு முறை விடப்பட்டது. வெளிநாட்டு மண்டபங்களுக்கு ஏற்ற ஏற்றுமதிப் பண்டம் என அதனைக் கூறினும் மிகையாகாது. பிற்காலத்தில் இவ்விரு ரப்சொடிகளும் தமது ஏனைய படைப்புகளை மறைத்து விட்டமை குறித்து எனெஸ்குவே வருந்தினார்.

மூன்றாவது சொனாட்டா இதற்கு நேர்மாறானது. அதிலே மக்கள் மெட்டு எதுவும் எடுத்தாளப்படவில்லை. எடுத்தாளப்பட்டிருப்பது வாசிப்பு முறை. துணைத்தலைப்பில் ‘பாணி’ என்னாது ‘குணம்’ என்ற சொல்லை எனெஸ்கு தெரிந்தே தேர்ந்தார். பாணி செய்து ஒட்டப்படுவது, குணம் உள்ளிருந்து வருவது என்பது அவரது கருத்து. இதன் விளைவாக வயலின் பகுதியின் எழுத்துக் குறிப்பு வியப்பூட்டும் நுணுக்கத்தை அடைந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுகிச் செல்லும் முறை, கால்சுர அளவு ஏற்ற இறக்கம், வில் விரற்பலகையை நோக்கிச் செல்லும் இடம், பாலத்தை அணுகும் இடம், தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் மேல்நாதம், எங்கே அதிர்வு சேர்ப்பது, எங்கே விடுவது என எல்லாமே தாளில் எழுதப்பட்டுள்ளன. தாள அளவுக்குள் அடங்காது பேச்சுப்போல நீளும் ‘தோய்னா’ என்னும் பாடல்வகையின் நடை முதலியக்கத்தை ஆள்கின்றது. கமகத்தை ஏட்டில் எழுதுதல் எத்துணைக் கடினம் என்பதை அறிந்த நம் வாசகருக்கு இம்முயற்சியின் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பியானோவின் பங்கு இன்னும் சிக்கலானது. பன்னிரண்டு சமச் சுரங்களாகக் கட்டப்பட்ட அக்கருவி கால்சுரத்தை ஒலிக்க இயலாது. வயலின் வளையும் இடத்திற் பியானோ வளையாது. இம்முரண்பாட்டை எனெஸ்கு மூடி மறைக்கவில்லை. அதனையே ஆக்கத்தின் அடிப்படையாக்கினார். பியானோவை அவர் லவுத்தார் குழுவின் ‘ட்சம்பால்’ போல இயங்கச் செய்தார். தந்திகளைச் சிறு கோல்களாற் தட்டி ஒலிக்கும் அக்கருவியின் நடுக்கமும் அதிர்வும் பியானோவின் விரைவான அலங்காரங்களிலே கேட்கின்றன. இரண்டாவது இயக்கத்தின் தொடக்கத்திலே பியானோ ஒரு சுரத்தை மட்டும் மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் வயலினின் மேல்நாதங்கள் இராக்காலத்து ஒலிகள்போல் எழுகின்றன. பிற இடங்களில் இரு கருவிகளும் ஒரே மெட்டை வேறு வேறு அலங்காரத்தோடு ஏறத்தாழ ஒன்றாக வாசிக்கின்றன. மேற்கத்திய ஒத்திசை முறையில் ஒருவர் தலைவர், மற்றவர் துணைவர். இங்கோ ஊர்க் குழுவிற்போல இருவரும் ஒரு தொழிலின் பங்காளிகள். மாளிகைக் கருவி ஊர்க் குழுவிற் சேர்ந்து கொண்டது எனலாம்.

லிப்பாட்டியின் வாசிப்பிலே இப்பங்காளித் தன்மை முழுமை பெறுகின்றது. பாரிஸிற் பயின்று தெளிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் பெயர் பெற்ற இக்கலைஞர், 1934 இலேயே ‘ஷத்ராரி’ என்னும் இசைக்குழுத் தொகுதியை எழுதியவர். கூடாரங்களில் வாழும் நாடோடி ரோமா மக்களை அத்தலைப்புக் குறிக்கும். ஒலிப்பதிவில் அவர் வயலினைப் பின்தொடர்வதில்லை. வயலின் மூச்செடுக்கும் இடத்திலே தாமும் மூச்செடுக்கின்றார்.

4

இவ்விடத்தில் ஒரு விவாதத்தை நினைவு கூர்தல் அவசியம். ஹங்கேரியின் லிஸ்ட் 1859 இல் வெளியிட்ட நூலிலே ஹங்கேரிய இசையின் உண்மையான படைப்பாளிகள் ஜிப்சிகளே என்றார். 1931 இல் பேலா பார்ட்டொக் அதனை மறுத்து, நகர ஜிப்சிக் குழுக்கள் வாசிப்பது உண்மையான உழவர் இசையன்று, அது வேறொரு சமூகப் பகுதியினர் ஆக்கிய மெட்டுகளின் வாசிப்பே என வாதிட்டார். பார்ட்டொக்கின் களப்பணி ஈடிணையற்றது. ருமேனிய ஊர்களில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மெட்டுகளை அவர் சேகரித்தார். அவரும் எனெஸ்குவும் 1924 அக்டோபரில் புக்காரெஸ்டில் ஒரே மேடையில் இணைந்து, பார்ட்டொக்கின் இரண்டாவது வயலின் சொனாட்டாவை வாசித்தனர்.

பார்ட்டொக்கின் நோக்கு முற்போக்கானதே. உழவனைக் கலையின் மூலவனாக அது நிறுத்தியது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. தூய்மையைத் தேடும் எந்த ஆய்வும், கலையைக் கூலிக்குச் செய்பவனைத் தூய்மையற்றவனாகவே காணும். உழவன் பாடுவது வாழ்க்கை. லவுத்தார் வாசிப்பது வாணிகம் என்ற பிரிவு எழுந்து விடுகின்றது. ஆனால் பிறருக்காக வாசித்து உண்பவனது உழைப்பும் உழைப்பே. எனெஸ்கு இவ்விடத்திற் பார்ட்டொக்கிலிருந்து வேறுபடுகின்றார். அவர் தேடியது மூல மெட்டையன்று. மெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக்கும் தொழிலாளியின் கைத்திறனை. மூன்றாவது சொனாட்டா அக்கைத்திறனுக்குச் செந்நெறி இசை செலுத்திய பெரிய மரியாதைகளுள் ஒன்று. இவ்வகையில், கலைக்கும் வர்க்கத்துக்கும் தொடர்பில்லை என்னும் உருவவாதிகள் மட்டுமன்றி, எனெஸ்குவை ஊரிசையைச் சுரண்டிய பூர்ஷ்வா எனக் கூறி அமையும் கொச்சைச் சமூகவியலாளரும் தவறிழைப்பவரேயாவர்.

ஆயின் மரியாதை யாருக்குச் சென்றது? திறனுக்குச் சென்றது, திறனுடைய மனிதனுக்குச் செல்லவில்லை. 1940 இல் எனெஸ்கு எழுதிய ‘குழந்தைப் பருவ நினைவோவியங்கள்’ என்னும் வயலின் – பியானோத் தொகுதி இதனைத் தெளிவுறக் காட்டும். அதன் முதற்பகுதி ஊர் வயலின்காரர். தனி வயலின் மட்டும் ஒலிப்பது. அடுத்தது முதிய பிச்சைக்காரர். அதன்பின் தோட்டத்து ஓடை, கூண்டுப் பறவையும் சுவர்க் கடிகாரமும், தாலாட்டு, சிள்வண்டு, நிலவு, புகைபோக்கியிற் காற்று, புயல், ஈற்றில் சூரிய உதயம். இசையழகிற் குறை சொல்ல இடமில்லை. ஆனால் இவ்வரிசையை நோக்குக. வயலின்காரரும் பிச்சைக்காரரும் ஓடையோடும் சிள்வண்டோடும் ஒரு நிரையில் நிற்கின்றனர். சன்னலினூடே பார்க்கும் வீட்டுக் குழந்தைக்கு அவர்கள் காட்சிகள். உழைப்பாளி இயற்கையின் ஒரு கூறாகி விடுகின்றான். இயற்கைக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. இது எனெஸ்குவின் தனிப்பட்ட நெஞ்சக் குறையன்று. அவர் பிறந்த வர்க்கத்தின் சன்னல் இருந்த இடம் அது.

அச்சன்னலுக்கு வெளியே நிகழ்ந்தவை அமைதியானவையல்ல. 1907 ஆம் ஆண்டு ருமேனியாவை உலுக்கிய உழவர் எழுச்சி தொடங்கியது எனெஸ்குவின் பிறப்பிடத்துக்குத் தொலைவிலன்று. அதே வடமொல்டாவியப் பகுதியின் ஃப்ளமன்சி என்னும் ஊரிலே. இராணுவம் அதனை அடக்கியபொழுது ஆயிரக்கணக்கானோர் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. முதலாம் உலகப் போரின் பின் நாடு விரிவடைந்தது. ஒராதியா நகர் அதற்கு முன் ஹங்கேரிய ஆட்சியில் இருந்தது. 1927 இல் மூன்றாவது சொனாட்டாவின் முதல் அரங்கேற்றம் அந்நகரிலேயே நிகழ்ந்தமை தற்செயலாயினும் பொருளுடையது. விரிந்த எல்லைக்குள் ஒரே தேசம் என்னும் கருத்துநிலைக்கு ஒரே தேசிய இசையும் வேண்டியிருந்தது.

5

இனி, அவ்வொலிப்பதிவு செய்யப்பட்ட காலத்தை நோக்குவோம். 1943 இல் ருமேனியா அன்தொனெஸ்குவின் சர்வாதிகாரத்தின் கீழ் ஹிட்லரின் கூட்டாளியாகப் போரில் ஈடுபட்டிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1942 ஜூனில் நாடோடி ரோமா மக்களும் செப்டெம்பரில் நிலையாகக் குடியிருந்த ரோமா மக்களுட் பலரும் ட்ரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்தம் தொகை ஏறத்தாழ 25,000. பசியாலும் குளிராலும் நோயாலும் அங்கு ஏறத்தாழ 11,000 பேர் மடிந்தனர் என 2004 இல் வெளியான அனைத்துலக ஆணைக்குழுவின் அறிக்கை கூறுகின்றது. ஒலிப்பதிவு நிகழ்ந்த மார்ச் மாதத்திலே, எஞ்சியோர் பூக் ஆற்றங்கரையில் தம் முதற் குளிர்காலத்தைக் கடந்துகொண்டிருந்தனர்.

இரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்பொழுது எழும் கேள்வி எளிதன்று. ஒரு மக்களின் விரல்நுனி அசைவுகள் கூட ஒலித்தட்டிலே தேசத்தின் குணமாக நுணுக்கமாகப் பதியப்பட்டன. அம்மக்களோ தேசத்துக்கு உரியவரல்லர் என எல்லைக்கு அப்பால் எறியப்பட்டனர். இவ்விரண்டும் ஒரே தலைநகரிலே, ஓராண்டு இடைவெளிக்குள் நிகழ்ந்தன. இதற்கு அவ்விரு கலைஞரைக் குற்றவாளிகளாக்குதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அரசின் கொலைக்குப் பொறுப்பு அரசினதே. லிப்பாட்டி அதே ஆண்டின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்துக்குச் சென்று திரும்பவில்லை. எனெஸ்கு 1946 இல் நாட்டை விட்டு நீங்கிப் பாரிஸிலே காலமானார். நாம் கூறுவது இதுவே: திறனை மனிதனிலிருந்து பிரித்தெடுத்துத் தேசத்தின் பொதுச் சொத்தாக்கும் கருத்துநிலை, அம்மனிதன் இல்லாமலே அத்திறன் நிலைக்கும் என்று தேசத்தை நம்பச் செய்கின்றது. அந்நம்பிக்கை ஒருவனை நாடுகடத்துவதற்குக் காரணமாகாது. ஆனால் அவன் நாடுகடத்தப்படுகையில் எவரும் ஒலி குறைந்ததாக உணராதிருக்க அது வகை செய்கின்றது.

போரின் பின் வந்த சமதர்ம அரசு இதனை மாற்றியதா? மார்க்சிய நோக்குடைய நாம் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லல் நேர்மையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்மிக்க மொல்டாவிய லவுத்தாரான பார்பு லவுத்தாருவின் பெயரால் 1949 இல் ஊரிசைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஊர்க் கலைஞர் பலருக்கு அரசு ஊதியமும் மேடையும் கிடைத்தன. இவை மெய்யான பேறுகளே. 1958 இல் எனெஸ்கு பெயரிலான அனைத்துலக விழா தொடங்கியது. லிவேனி அவர் பெயரைப் பெற்றது. ஆனால் அதே அரசு ரோமா மக்களைத் தனியொரு தேசிய இனமாக ஏற்கவில்லை. லவுத்தார் இசை ‘ருமேனிய மக்களிசை’ ஆயிற்று. லவுத்தாரின் இனப்பெயர் மேடையிற் சொல்லப்படாததாயிற்று. உடைமை உறவுகளை மாற்றியவர் பெயரிடும் உரிமையை மாற்றவில்லை. ரோமா அடிமை ஒழிப்பின் நினைவு நாளாகப் பெப்ரவரி 20 சட்டத்தில் இடம்பெற்றது 2011 இலேதான்.

6

எனெஸ்குவின் மாணவரான யெஹுதி மெனுஹின், 1936 இல் தம் சகோதரி ஹெப்ஸிபாவுடன் மூன்றாவது சொனாட்டாவை ஒலிப்பதிவு செய்தார். அவரே 1952 இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் ரவி சங்கருடன் இணைந்து வாசித்தவர். எழுத்துக்கு வெளியே வாழும் இசைக்குத் தம் செவி திறந்தமைக்கு எனெஸ்குவிடம் அவர் பெற்ற பயிற்சியும் ஒரு காரணம் எனக் கருதுதல் தவறாகாது. ஒரு லவுத்தாரின் விரல்வித்தை லிவேனியிலிருந்து பாரிஸுக்கும், அங்கிருந்து நமது கண்டத்துக்கும் இவ்வாறு பயணஞ் செய்தது. பயணச்சீட்டில் அவர் பெயர் இல்லை.

எனவே எனெஸ்கு – லிப்பாட்டி ஒலிப்பதிவை இருமுறை கேட்டல் வேண்டும் என்பது நமது துணிபு. முதன்முறை, இரு பெருங்கலைஞர் ஒரு கடினமான படைப்பை ஒருயிராகி நிகழ்த்தியதைக் கேட்போம். அம்மகிழ்ச்சி நமக்குரியது, அதை எந்தக் கோட்பாடும் பறித்தல் ஆகாது. இரண்டாம் முறை, ஒவ்வொரு வழுக்கலிலும் ஒவ்வொரு கால்சுரத்திலும் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கும் கட்டளைக்கும் வாசித்துத் தீட்டிய, எழுத்தில் இடம்பெறாத கைகளைக் கேட்போம். இரண்டாவது கேட்டல் முதலாவதைக் குறைப்பதில்லை, அதனை முழுமையாக்குகின்றது.

தம் ஊரின் இசையை உலகுக்கு அறிமுகஞ் செய்யும் கலைஞரை நாம் போற்றுகின்றோம். ஆனால் ‘தம் ஊர்’ என்ற சொல்லினுள்ளே ஊரின் எல்லா வீதிகளும் அடங்குகின்றனவா என்று வினவும் கடமை விமர்சனத்துக்கு உண்டு. மேளக்காரரை விழாவுக்கு அழைத்து, வாசிப்பு முடிந்ததும் வாசலிலே நிறுத்திய வழக்கத்தை நேரில் அறிந்த சமூகத்தார் நாம். அவ்வினா நமக்கு அந்நியமானதன்று.